ஆரியங்கோட்டில் சொன்னால் சங்கரன்கோவிலில் மாலை!

மாலை ஐந்தரை மணிக்கு ஆரியங்கோடு ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. டீக்கடைப் பலகார வாசனையையும் ரப்பர் ஷீட் வாடையையும் தள்ளிக்கொண்டு பிச்சிப்பூ மணம் வந்து நிற்கும். ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் வாளி, ஈரச்சாக்கு, வாழைநார் கட்டு. அவ்வளவுதான் எங்கள் ஊர்ப் பூக்கடை.

போன மாதம் ஒரு நாள் அந்தக் கடை முன் ஓர் இளைஞர் தயங்கித் தயங்கி நின்றார். கை முழுவதும் சிமெண்ட். பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் கொத்தனார். ஊர், சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். தங்கைக்கு ஏழாம் மாதம், வெள்ளிக்கிழமை வளைகாப்பு. தகப்பனார் இல்லை. பிறந்த வீடு என்று சொல்ல இவர் ஒருவர்தான். கான்கிரீட் போடும் வாரம் என்பதால் லீவு கிடைக்கவில்லை.

“அண்ணாச்சி, இங்கேயிருந்து பூ அனுப்ப முடியுமா?”

பூக்கடைக்காரர் கைவேலையை நிறுத்தவில்லை. “இங்கேருந்து அனுப்பினா அங்க சருகாத்தான் போய்ச் சேரும், தம்பி. பூ அனுப்ப வேண்டாம். யாருக்கு, எப்ப, எத்தனை முழம்னு சொல்லு. அங்க கெட்டிக் குடுக்க ஆளு இருக்கு.”

தலைக்கு மல்லிகை ஆறு முழம், கனகாம்பரம் இரண்டு முழம், கழுத்துக்கு ஒரு ரோஜா மாலை. கடைக்காரர் ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொண்டு டெலிபோனை எடுத்தார். பேச்சு இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. பேசியது தோவாளைக்கு. தோவாளைக்காரர் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் தமக்குத் தெரிந்த ஒருவரிடம் பேசுவார். அவர் வெள்ளிக்கிழமை காலை மாலை கட்டி, மினி பஸ்ஸிலோ சைக்கிளிலோ அந்தக் கிராமத்துக்கு அனுப்புவார்.

கொத்தனாருக்கு நம்பிக்கை வரவில்லை. “நிச்சயம் போயிருமா, அண்ணாச்சி?” என்று மூன்று முறை கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. முகம் தெரியாத மூன்றாம் மனிதர் கையில் ஒரு தங்கையின் வளைகாப்பை ஒப்படைப்பது லேசான காரியமா? இந்த முறையை நான் முழுதாக நம்பத் தொடங்கியதற்கு ஒரு சாவு காரணமாக இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

<b>தந்தியில் போன பூ</b>

இது நம் பூக்காரர்கள் மட்டும் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. 1908-ல் ஜெர்மனியில் மாக்ஸ் ஹூப்னர் என்ற பெர்லின் பூ வியாபாரி இதே யோசனையை ஒரு சங்கமாக அமைத்தார். ஓர் ஊர்க் கடையில் பணம் கட்டினால், வேறோர் ஊர்க் கடை பூவைக் கொண்டு போய்க் கொடுக்கும். பூ ரயிலில் ஏறுவதில்லை. செய்திதான் ஏறும். 1910-ல் அமெரிக்காவில் 15 பூக்கடைக்காரர்கள் கூடி, தந்தி மூலம் ஆர்டர்களை மாற்றிக்கொள்வது என்று ஒப்பந்தம் செய்தார்கள். 1923-ல் இங்கிலாந்திலும் அந்த முறை வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946-ல், இவை ஒன்று சேர்ந்து ‘இன்டர்புளோரா’ என்ற உலக அமைப்பாயின. காலில் சிறகு முளைத்த கிரேக்க, ரோமானியத் தூதுத் தெய்வம்தான் அதன் சின்னம்.

நம் நாட்டில் தந்தி ஆபீஸ் வாழ்த்து மட்டும் கொண்டு போனது. பூ கொண்டு போகவில்லை. கல்யாணத்துக்கு ஒரு எண், பண்டிகைக்கு ஒரு எண் என்று வாழ்த்து வாசகங்களுக்கு எண் போட்டு வைத்திருந்தார்கள். எண்ணை எழுதிக் கொடுத்தால் போதும். ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பல அன்பர்களுக்கு இது நினைவிருக்கும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. ஆனால் எங்கள் ஜங்ஷன் பூக்காரரிடம் தந்தியும் இல்லை, சங்கமும் இல்லை, சிறகு முளைத்த தெய்வமும் இல்லை. ஒரு நோட்டும் தோவாளை நம்பரும் உண்டு.

<b>விடியுமுன் முடியும் வியாபாரம்</b>

தோவாளையைப் பற்றித் தெற்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வந்து மோதுகிற இடத்தில், மலையடிவாரத்துச் சிற்றூர். ஊர் தூங்கும் நேரத்தில் சந்தை விழித்திருக்கும். சுற்று வட்டாரத்துப் பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி ஒரு பக்கம். மதுரை, திண்டுக்கல் பூக்கள் ஒரு பக்கம். ஓசூர், பெங்களூர் பக்கத்து ரோஜாவும் கேந்தியும் இன்னொரு பக்கம். நன்றாக வெயில் ஏறும்போது பெரிய வியாபாரம் முடிந்து, வேன்கள் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம், கொல்லம் என்று பறந்திருக்கும்.

ஏன் இந்த அவசரம்? பூவின் குணம் அப்படி. மல்லிகையை மலர்ந்தபின் பறித்தால் பயனில்லை. விடியற்காலையில் மொட்டாகப் பறிக்க வேண்டும். அது கூடையிலேயே பகலைக் கழித்து, மாலையில் தலையில் மலரும். பறித்ததிலிருந்து மலர்கிற வரை உள்ள அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் வியாபாரியின் மூலதனம். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அனுப்பினால் கொஞ்சம் நீட்டலாம். மதுரை மல்லி விமானம் ஏறி வளைகுடா நாடுகளுக்குப் போவது அப்படித்தான். ஒரு கொத்தனார் தங்கைக்கு ஆறு முழம் அனுப்ப அது கட்டுப்படியாகுமா?

தோவாளையின் இன்னொரு பெருமை மாணிக்கமாலை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்து மடித்து, பாய் முடைவதுபோல் தட்டையாகப் பின்னுவார்கள். தூரத்தில் பார்த்தால் சிவப்புக் கல் பதித்த நகை போலிருக்கும். திருவிதாங்கூர் அரசர் ஒருவர் இதைப் பார்த்து வியந்து வைத்த பெயர்தான் மாணிக்கமாலை என்று தோவாளையில் சொல்கிறார்கள். 2025-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாலை கட்டுகிறவரின் கூலி அதனால் எவ்வளவு உயர்ந்தது என்பதையும் யாராவது கணக்கெடுத்தால் நல்லது.

திருவனந்தபுரத்துக்கும் இந்த ஊருக்கும் உள்ள பூத்தொடர்பு ராஜா காலத்தது. பத்மநாபசுவாமி கோவிலுக்குத் தோவாளைப் பூ போய்வந்த காலத்தில் நடுவே எல்லை கிடையாது. 1956 நவம்பர் 1-ல் எல்லை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆரியங்கோடு அப்போது நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்தது. ஆகவே நாங்கள் இந்தப் பக்கம்.

<b>பிறந்த வீட்டு மாலை</b>

என் அத்தையை 1955-ல் பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது ஆரியங்கோடும் பூதப்பாண்டியும் ஒரே ராஜ்யம். மறு வருஷம் அத்தை ஒரு மாநிலமும் அவள் பிறந்த வீடு ஒரு மாநிலமும் ஆயிற்று. அதை அத்தை பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரம். ஓணத்துக்கு ஓணக்கோடி இங்கிருந்து போகும். பொங்கலுக்கு அரிசியும் வெல்லமும் அங்கிருந்து வரும். எல்லை என்பது கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் இடம், அவ்வளவுதான்.

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு வந்தது. களியக்காவிளையில் போலீஸ் நின்றது. வெள்ளறடை, பாறசாலைப் பக்கத்துச் சிறு பாதைகள் சிலவற்றை மண்ணைக் கொட்டியே அடைத்தார்கள். 64 வருஷமாகக் கோடாக இருந்தது அன்றுதான் சுவராயிற்று.

ஏப்ரலில் ஒரு நாள் அதிகாலை டெலிபோன் வந்தது. அத்தை இறந்துவிட்டாள். தொற்று அல்ல, வயதுதான். பாஸ் வாங்க அலைந்தேன். ஒரு ஆபீசில் மறு ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே கம்ப்யூட்டரில் மனுப் போடச் சொன்னார்கள். மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அத்தான் மகன் சொல்லியிருந்தான். மணி எட்டரை.

நம் பக்கத்தில் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடியும் மாலையும் வராமல் தூக்குவதில்லை. எத்தனை பேரன் பேத்தி எடுத்தவளானாலும் இது மாறாது. அத்தைக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது நான்.

பூக்கடை மூடிக் கிடந்தது. பூக்காரர் வீட்டுக்கே போனேன். அவர் அப்போது மூன்று வாரமாக வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். தோவாளைச் சந்தை மூடியிருந்தது. கோவில் இல்லை, கல்யாணம் இல்லை. பூ செடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். “ஒரு நிமிஷம் இரும்” என்று உள்ளே போய்ப் பேசினார். திரும்பி வந்து, “ஆளு சொந்தத் தோட்டத்துல பறிச்சுக் கெட்டித் தருவாரு. அவரே கொண்டு போவாரு. வீட்டு அடையாளம் சொல்லும்” என்றார். ஊர்ப் பெயர், பிள்ளையார் கோவில், அதற்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு. சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பச்சைப் பெயிண்ட் நான் அடித்தது.

தோவாளை அண்ணாச்சி பதினொன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். சாவுக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற உத்தரவு இருந்த நாள். வாசலில் நின்று மாலையை நீட்டியதும் உள்ளே ஒரு பேச்சு எழுந்ததாம். “போனில் சொல்லி வந்த மாலை பிறந்த வீட்டு மாலை ஆகுமா? அஞ்சு மைலுக்குள்ள கெட்டின பூ, ஆரியங்கோட்டுப் பூ எப்படி ஆகும்?” பேசியவர் அத்தையின் கொழுந்தன் முறை. கெட்டவர் அல்ல. முறை தெரிந்தவர், அதனால் கேட்டார்.

அங்கிருந்த ஒரு கிழவிதான் தீர்த்து வைத்தாராம். “கொண்டு வந்தவரிட்டக் கேளுங்கடா, யாருக்காகக் கொண்டு வந்தாருன்னு.” கேட்டார்கள். அண்ணாச்சி, “ஆரியங்கோட்டு வீட்டுக்காகக் கொண்டு வந்தேன், ஆத்தா” என்று சொல்லியிருக்கிறார். “அப்ப நீயே போடு” என்று கிழவி சொல்லிவிட்டார். அவர் கையாலேயே போட வைத்தார்கள். அவர் எந்த வீடு, எந்த ஆள் என்று அன்று யாரும் விசாரிக்கவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம்.

கோடிச் சேலைக்குக் கடை ஏது? அத்தையின் பெட்டியைத் திறந்தபோது, 2019 ஓணத்துக்கு நாங்கள் கொடுத்த கசவுப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்ததாம். அதையே போர்த்தினார்கள்.

இதெல்லாம் அத்தான் மகன் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனில் படம் அனுப்பினான். பிச்சியும் துளசியும் கட்டிய கனத்த மாலை. மாலைக்கு 350 ரூபாய் ஆயிற்று. 500 கொடுத்தேன். பூக்காரர் 150-ஐத் திருப்பித் தந்தார். “அவரு சொன்ன விலை இதுதான். கூட வாங்கினா அவருக்கு நான் கணக்குச் சொல்ல முடியாது.”

<b>படத்தைப் பார்த்து ஏமாந்தேன்</b>

இவ்வளவு அனுபவப்பட்டும் நான் ஒருமுறை புத்தி மாறினேன். திருச்சியில் நண்பர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். செல்போனில் படம் பார்த்து ஆர்டர் கொடுக்கும் கம்பெனி ஒன்றில், சம்பங்கியும் ரோஜாவும் கலந்த ஒரு ஜோடி மாலைக்குப் பணம் கட்டினேன். பத்தரைக்கு முகூர்த்தம். மாலை நாலு மணிக்கு, கண்ணாடிக் காகிதம் சுற்றிய ஒரு பூங்கொத்து போய்ச் சேர்ந்தது. புகார் சொல்லக் கூப்பிட்டால் ‘ஒன்றை அமுக்கவும், இரண்டை அமுக்கவும்’ என்று ஒரு குரல். கடைசிவரை மனிதர் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதை மறைக்கக் கூடாது. முகூர்த்தத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

கம்பெனிகள் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவிலிருந்து சென்னைக்குப் பிறந்தநாள் பூ அனுப்புகிற பிள்ளைக்கு அது வசதி. ஆனால் எந்தச் சடங்குக்கு, எந்த நேரத்துக்கு, எந்தப் பூ என்கிற நம் விஷயம் படத்தில் இல்லை. அது கட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே ஊருக்குப் பூ அனுப்ப நினைக்கும் அன்பர்களுக்குப் பட்டறிவில் சில வார்த்தைகள். முதல் நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள். விடிந்தபின் சொன்னால் மிச்சப் பூதான் கிடைக்கும். ‘200 ரூபாய்க்கு’ என்று சொல்லாதீர்கள், ‘இத்தனை முழம்’ என்று சொல்லி விலை கேளுங்கள். முகூர்த்த நாளில் மல்லிகை கிலோ 1,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். பொங்கலை ஒட்டி 3,000-ஐத் தாண்டியதும் உண்டு. நீங்கள் ரூபாய்க் கணக்குச் சொன்னால் தங்கை தலைக்கு ஒரு சாண்தான் வரும். கதவு எண்ணை விடக் கோவிலும் சந்தும் உதவும். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் ஒருவரின் நம்பர் கட்டாயம் வேண்டும். முக்கியமாக, யார் அனுப்பியது என்பதைக் கொண்டு போகிறவர் வாயால் சொல்லும்படி ஏற்பாடு செய்யுங்கள். சீட்டு எழுதினால் கூட்டத்தில் யாரும் படிப்பதில்லை.

ஊரிலிருந்து கேரளத்துக்குச் சொல்கிறவர்கள் பாஷையில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இங்கே கடையில் ‘மல்லி’ என்று கேட்டால் கொத்தமல்லி தருவார்கள்! ‘முல்லப்பூ’ என்று கேட்க வேண்டும். சாவுக்கு நாம் மாலை என்போம். இங்கே ‘ரீத்து’ என்று வட்டமாகக் கட்டி வைப்பதுதான் வழக்கம். கோவிலுக்கு என்றால் அரளியைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அரளி விஷம் பற்றிய அச்சம் எழுந்து, 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு அதை நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தது.

எங்கள் பூக்காரருக்கு இன்னொரு கவலையும் உண்டு. காட்டாக்கடைப் பக்கத்தில் சில வருஷங்களாக ஓணத்துக்குக் கேந்தியும் வாடாமல்லியும் பயிரிடுகிறார்கள். வயல் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. “நல்ல காரியம்தான். ஆனா அத்தப்பூக்களத்துக்குக் கேந்தி இங்கே கிடைச்சிரும், தலைக்குப் பிச்சி எங்கே கிடைக்கும்? தோவாளைக்காரரிட்ட வருஷம் முழுக்கப் பேசினாத்தான் அவசரத்துக்கு அவரு எடுப்பாரு” என்கிறார். ஓணத்தின் பத்து நாள் வியாபாரம் குறைந்தால், மற்ற நாட்களின் தொடர்பும் குறையும் என்பது அவர் கணக்கு. அது தப்புக் கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு இறங்கினேன். கொத்தனார் கடை முன் நின்றிருந்தார். கை கழுவி, சட்டை மாற்றியிருந்தார். போனில் படம் வந்திருந்தது. நாற்காலியில் தங்கை, இரண்டு கையிலும் வளையல், கழுத்தில் ரோஜா மாலை, தலையில் மல்லிகையும் கனகாம்பரமும். பக்கத்தில் நின்ற பெரியவர்தான் சங்கரன்கோவில் பூக்காரர் என்று சொன்னார். மாலையைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டவரை, அண்ணன் அனுப்பிய ஆள் என்று சொல்லிச் சாப்பிடாமல் விடவில்லையாம்.

எங்கள் பூக்காரர் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டு போனார். தங்கையின் முகத்தை விட்டுவிட்டு மாலையைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கெட்டு கொஞ்சம் நெருக்கம் போதாது. அடுத்த தடவை சொல்லணும்” என்று முணுமுணுத்துவிட்டு, நோட்டில் அந்த வரிக்கு நேராக ஒரு கோடு போட்டார்.